யார் கை

எனக்குப் பழைய பீங்கான் பைத்தியம். கையால் பூ வரைந்த கிண்ணம், சிமிழ் எதைப் பார்த்தாலும் விடமாட்டேன். அடியில் முத்திரை இல்லாவிட்டால்கூட, இதழ் முடிகிற இடத்தில் தூரிகை திரும்பும் விதத்தை வைத்து, வரைந்தது யார் கை என்று சொல்லிவிடுவேன். என் கணவர் பல் டாக்டர். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்; குழந்தை இல்லை.

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு நீலப்பூச் சிமிழ் வாங்கிவந்து, கழுவி அலமாரியில் வைத்தேன். மறுநாள் தூசு தட்டும்போது உள்ளே ஏதோ உருண்டது. திறந்தால் ஒரு பால் பல்.

"கீழ் முன்பல். ஆறு வயசு இருக்கும்," என்றார் அவர்.

"நேத்துதானே கழுவினேன்?"

"நீ கழுவுற லட்சணம் எனக்குத் தெரியாதா?"

அதைத் தூக்கிப் போட்டோம். பிறகு வருஷத்துக்கு ஒன்றிரண்டு வந்தன, வாயில் விழும் அதே வரிசையில். அவற்றைப் போட மனசு வரவில்லை. அவரும் கிண்டலை நிறுத்திவிட்டார்.

இன்று காலை வந்தது கடைவாய்ப் பல். அதில் சொத்தையை அடைத்திருந்தது. அவர் ஜன்னலோரம் கொண்டுபோய், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"யார் கை?" என்று கேட்டேன்.

"என் கைதான். ஓரத்த இப்படி இழைச்சு விடுறது நான்தான்."

"வலிச்சிருக்குமா?"

"மரத்துப்போக ஊசி போட்டிருப்பேன்."

பல்லைச் சிமிழில் வைத்து மெதுவாக மூடினார்.

"ஊசியப் பாத்ததும் உன்ன மாதிரியே அழுதிருப்பா."