குடிலுக்குப் பூட்டு

"வாளியில என்ன, கிளாவ்தியா பெத்ரோவ்னா?"

பெர்ம் நகரத்திலிருந்து வந்த ரயிலை விட்டு இறங்கித் தோட்டத்துக்குள் கால் வைத்ததும் வலேரியின் கண்ணில் பட்டது அதுதான். அவனுடைய பசுமைக்குடிலுக்குள்ளிருந்து பக்கத்துத் தோட்டத்து அம்மாள் வெளியே வருகிறாள். கையில் வாளி.

"காலி வாளிதான்ப்பா. வெயில் இப்படிக் கொளுத்துதே, அதான்..."

"அதான், என் தக்காளி பழுத்துடுச்சான்னு பாக்க வந்தீங்களாக்கும்!"

மற்றவர்கள் தோட்டத்தில் காய் இன்னும் பச்சையாக நிற்க, ஜூலை பிறந்ததுமே சிவந்துவிடும் ஹைப்ரிட் ரகம் அவனுடையது. வாரம் முழுக்கத் தொழிற்சாலை; வெள்ளிக்கிழமை மாலைதான் வருவான். ஆனாலும் செடிகள் செழித்தன.

"விதை அப்படி! பக்கத்துல ஆளே வேணாம்" என்று ரயிலில் வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வான்.

"கதவை அடைச்சே வைக்காதப்பா. உள்ள இருக்கற சூட்டுல..." என்று கிளாவ்தியா ஆரம்பித்தாள்.

"திறந்து வச்சா உங்களுக்கு வசதி, இல்ல?"

அவள் முகம் சுருங்கிவிட்டது. வாளியோடு தன் தோட்டத்துக்குப் போய்விட்டாள்.

ஞாயிறு மாலை கிளம்பும்போது குடிலுக்குப் பூட்டுப் போட்டான். வேலியோரம் அவள் நிற்பது தெரிந்தே, இழுத்து இழுத்துப் பார்த்தான்.

அந்த வாரம் வெயில் என்றால் அப்படியொரு வெயில். தொழிற்சாலையில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வேலை பார்த்தார்கள். வலேரிக்குத் தக்காளியைப் பற்றிக் கவலையே இல்லை. அதான் பூட்டியாயிற்றே!

வெள்ளிக்கிழமை வந்து பார்த்தால், குடிலின் கண்ணாடிக் கூரைமேல் போர்வை, படுக்கை விரிப்பு, மேசைத்துணி!

"என் குடில் என்ன, துணி காயப்போடற கொடியா?" என்று வேலியைப் பார்த்துக் கத்தினான்.

கதவைத் திறந்தான். குப்பென்று சூடு முகத்தில் அடித்தது. வாசலோரச் செடிகள் அத்தனையும் வெந்து சருகாகத் தொங்கின.

இன்னும் கொஞ்சம் உள்ளே போனான். அங்கே செடிகள் பச்சென்று நின்றன. கொத்துக்கொத்தாகச் சிவந்த பழங்கள். அண்ணாந்து பார்த்தான். தலைக்குமேல் அந்தத் துணிகளின் நிழல். அவற்றின் ஓரமெல்லாம் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கிளாவ்தியாவின் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

"கோவிச்சுக்காதப்பா. என்கிட்ட இருந்த துணியே அவ்வளவுதான். வாசல் பக்கத்துக்கு எட்டல."