கால் மணி

குக்கர் அடுப்பிலிருந்து எழும்பியது.

அவன் இரண்டு கைகளாலும் அதை அமுக்கினான். படகின் மூக்கு அலையில் ஏறி, மறுபடி விழுந்தது. மூடி பூட்டியிருந்ததால் உள்ளே இருந்தது கொட்டவில்லை. தீ மட்டும் அணைந்தது.

கேஸை மூடினான்.

இது மூன்றாவது தடவை.

அடுப்பு ஊஞ்சல் போலத் தொங்கியது. படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது நேராக நிற்கும். ஆனால் இந்தக் கடல் சாய்க்கவில்லை. தூக்கிப் போட்டது.

விழாமலிருக்க இடுப்புப் பட்டையால் தன்னைச் சமையல் மேடையோடு கட்டியிருந்தான். வெந்நீர் தெறித்தால் தொடை வெந்துவிடும் என்று ரெயின்கோட் பேன்ட்டையும் கழற்றவில்லை.

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குப் பாய்மரப் படகுப் பந்தயம். நான்காம் நாள் பிற்பகல். படகில் நான்கு பேர். மேலே சுக்கானில் கேப்டன் தெக்லா. பாய்க்கயிறுகளில் ஜமால். கீழே சமைக்கும் அவன்.

அவனுக்கு எதிரே, கட்டிலில், தெக்லாவின் தம்பி சவரி.

சவரி இரண்டு நாளாக வாந்தி எடுத்தான். மழையிலும் அலையிலும் முப்பது மணி நேரம் நனைந்திருந்தான். காலையில் பல் கிட்டி நடுங்கினான். ஈரத்துணியை மாற்றி, இருந்த போர்வைகளையெல்லாம் சுற்றிவிட்டான் இவன்.

இப்போது நடுக்கம் இல்லை.

அதுதான் பயமாக இருந்தது.

“சவரி.”

சவரி கண்ணைத் திறந்தான். நாக்கு தடித்திருந்தது.

“பஸ்சு வந்துட்டா?”

அவன் பட்டையை அவிழ்த்தான்.

குக்கருக்குள் இருந்தது கோழிச்சாறும் ஒரு பிடி அரிசியும். புறப்படுவதற்கு முந்தின வாரம் முழுக்கச் சமைத்து, பொட்டலம் பொட்டலமாக உறையவைத்து, நாள் வாரியாக ஐஸ் பெட்டியில் அடுக்கியிருந்தான். முந்தாநாள் பெட்டியின் மூடி திறந்துகொண்டது. அலைநீர் உள்ளே புகுந்தது. ஐஸ் ஒரே பகலில் கரைந்தது. ஒன்பது பொட்டலங்கள் புளித்து நாறின. கடலில் கொட்டினார்கள்.

ஐஸ் பெட்டி மூடியின் ரப்பர் போய்விட்டது என்றாள் தெக்லா.

அவன் ஆமாம் என்றான்.

அதன்பின் எல்லோருக்கும் பிஸ்கட்தான். அடியில் தெர்மாகோல் டப்பாவுக்குள் இருந்த ஒன்று மட்டும் இன்னும் சில்லென்று இருந்தது. மோந்து பார்த்தான். நாக்கில் வைத்துப் பார்த்தான். கெடவில்லை. அதைத்தான் குக்கரில் போட்டிருந்தான்.

படியேறித் தலையை வெளியே நீட்டினான். உப்புத்தண்ணீர் முகத்தில் அறைந்தது.

“அக்கா, படகக் கொஞ்சம் நிமுத்தணும்.”

தெக்லா அவன் பக்கம் திரும்பவில்லை.

“முடியாது. பின்னால பாரு.”

அரைக் கிலோமீட்டர் பின்னால் ஒரு போட்டிப் படகின் மஞ்சள் பாய். இரண்டு நாளாக அதே தூரத்தில் வந்தது. காற்றை முதுகில் வாங்கி ஓடினால் படகு நிமிரும், குதிப்பும் அடங்கும். ஆனால் திசை விலகும். மஞ்சள் பாய் முந்திவிடும். மிச்சம் இருப்பது ஒரு நாள் ஓட்டம்.

“அவனுக்குக் குளுக்கோஸ் குடு.”

“வயித்துல நிக்க மாட்டேங்கு. சூடா ஏதாவது போகணும். நடுக்கம் நின்னுட்டுக்கா.”

“நின்னா நல்லதுதான?”

“இல்ல. ஒடம்பு ரொம்பக் குளுந்துட்டுன்னா நடுக்கமும் நின்னுரும். பஸ்சு வந்துட்டான்னு கேக்கான்.”

அலை ஒன்று உடைந்து அவள் மேல் விழுந்தது. அவள் முகத்தைத் துடைக்கவில்லை.

“எவ்வளவு நேரம்?”

“கால் மணி.”

தெக்லா ஜமாலைப் பார்த்தாள்.

ஜமால் கயிற்றைத் தளர்த்தினான்.

படகு மெல்லத் திரும்பியது. நிமிர்ந்தது. காற்றின் இரைச்சல் தணிந்தது. அவன் கீழே ஓடி அடுப்பைப் பற்றவைத்தான். ஒரு கை குக்கர் மேலேயே இருந்தது.

முதல் விசில்.

இரண்டாவது வர வெகுநேரம் ஆனது போலிருந்தது.

மிளகுத்தூளைப் போட்டுக் கரண்டியால் மசித்தான். ஊதி ஆற்றினான். சவரியின் தலையைத் தூக்கிப் பிடித்து ஒரு வாய் கொடுத்தான்.

அது வெளியே வந்தது.

துடைத்துவிட்டு இன்னொரு வாய் கொடுத்தான்.

நின்றது.

அப்புறம் ஒவ்வொரு வாயாக. கால் மணி முடிந்தது. அரை மணி ஆனது. மேலிருந்து யாரும் எதுவும் கேட்கவில்லை.

சவரியின் தாடை லேசாக ஆடியது. பிறகு தோள். பிறகு கட்டில் பலகை தடதடக்கும் அளவுக்கு உடம்பு முழுவதும் நடுங்கியது.

“உப்பு கம்மி,” என்றான் சவரி.

அவன் போர்வையை இழுத்துச் சவரியின் கழுத்துவரை மூடினான்.

பிறகு மிச்சத்தை இரண்டு கோப்பைகளில் ஊற்றி மேலே கொண்டுபோனான்.

மஞ்சள் பாய் முன்னால் இருந்தது. சிறியதாகிக்கொண்டிருந்தது.

“நடுங்குதானா?” என்றாள் தெக்லா.

“நடுங்குதான். உப்பு கம்மின்னான்.”

அவள் கண்ணை மூடித் திறந்தாள். கோப்பையை வாங்கிக்கொண்டாள். ஜமால் தன்னுடையதை ஒரே மடக்கில் குடித்தான்.

அவன் கீழே இறங்கவில்லை.

“ஐஸ் பெட்டி ரப்பர் போகலக்கா.”

அவள் குடித்துக்கொண்டே அவனைப் பார்த்தாள்.

“அன்னைக்கு தண்ணி பாட்டில் எடுத்துட்டு கொக்கிய மாட்ட மறந்துட்டேன். நாந்தான்.”

ஜமால் அவனைப் பார்த்தான். பிறகு கடலைப் பார்த்தான்.

தெக்லா அடிவரை குடித்தாள். கோப்பையில் ஒட்டியிருந்த சோற்றை விரலால் வழித்துத் தின்றாள்.

“இன்னும் எத்தன பொட்டலம் கெடக்கு?”

“இதான் கடைசி.”

“அப்ப சீக்கிரம் போய்ச் சேரணும்.”

சொல்லிவிட்டு எழுந்தாள். அவனுக்குப் புரியவில்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, கையைச் சுக்கான் மேல் வைத்தாள்.

தம்பியைப் பார்க்கக் கீழே இறங்கினாள்.

ஜமால் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, படகைத் திருப்ப அவன் சொல்லுக்குக் காத்திருந்தான்.