மடக்கு நாற்காலி

மூன்று நாள் கோடை விடுமுறைக்கு மலைப்பாதையில் நடக்க வந்த கூட்டத்தில் அருமைநாயகம் மட்டும் தோளில் ஒரு மடக்கு நாற்காலியைச் சுமந்துகொண்டு வந்தார். கூட்டம் எங்கே இளைப்பாற நின்றாலும், பள்ளத்தாக்கைப் பார்த்து அதை விரித்து வைப்பார். துண்டால் தூசி தட்டிவிட்டுப் பக்கத்தில் நின்றுகொள்வார். போன கோடைவரை அதில் உட்கார்ந்தவர், இப்போது இல்லாத அவருடைய மனைவி என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் கால் கடுத்தவர்கள்கூடப் பாறைகளில்தான் சரிந்தார்கள். வெயில் ஏற ஏற, தனியாக வந்திருந்த எஸ்தருக்கு முட்டி விட்டுப்போயிற்று. அணை தெரிந்த திருப்பத்தில் கேட்டேவிட்டாள்.

"அண்ணாச்சி, செத்த நேரம் இதுல உக்காந்துக்கிடட்டுமா?"

அவர் துண்டால் நாற்காலியை இன்னொரு முறை தட்டினார்.

"உக்காரும்மா. அவ இப்பதான் எந்திரிச்சா."

பிறகு இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு, திரும்பியே பார்க்காமல் இறங்கிப் போய்விட்டார். கூட்டமும் கிளம்பியது. நாற்காலியை மடக்கி எஸ்தர்தான் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. பார்த்ததைவிடக் கனத்தது. அடுத்த நிழலில் எல்லோரும் பாறைகளில் சாய்ந்தபோது அவள் அதை விரித்து, துப்பட்டாவால் துடைத்தாள். முட்டி கெஞ்சியது. ஆனாலும் உட்கார மனம் வரவில்லை. பக்கத்தில் நின்றுகொண்டாள்.