முப்பத்தேழு

இறுப்பிட்டியில் உலோகம் கடையும் பழைய லேத் மெசின் ஒன்று கிடப்பதாகக் கேள்விப்பட்டு, ஊர்காவற்றுறையில் படகு எஞ்சின் திருத்தும் தயாபரன் வாங்கலாமா என்று பார்க்கப் போனான். அது சத்தியபாமாவின் கணவருடையது. அவர் இறந்து பதினாறு வருடங்கள். அதன் பிறகு அதை யாரும் இயக்கவில்லை.

துரு இல்லை. துண்டைக் கவ்வும் 'சக்'கைப் பிடித்து ஆட்டினான், அசையவில்லை. கைச்சக்கரத்து டயல் மட்டும் முப்பத்தேழில் நின்றது. பூச்சியத்துக்குத் திருப்பினான். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தபோது மறுபடியும் முப்பத்தேழு.

"மாசியில இருந்து உதிலதான் நிக்குது தம்பி. அதுக்குப் பிறகு ஆர் வந்து கேட்டும் குடுக்க எனக்கு மனம் வரேல்லை" என்றாள் சத்தியபாமா.

"ஒருக்கா வெட்டிப் பாக்கட்டே அன்ரி?"

"ஓம், பாரும்."

தட்டில் கிடந்த பித்தளைத் துண்டைப் பூட்டி, டயல் காட்டிய அளவிலேயே உள்ளே குடைந்தான். சின்ன மூடி போல ஒன்று வந்தது.

சத்தியபாமா அதைக் கையில் வாங்கினாள். மாசியில் கிணற்றடியில் வழுக்கி விழுந்த நாளிலிருந்து ஊன்றி நடக்கும் பொல்லைத் தலைகீழாகப் பிடித்து, நுனியில் மாட்டினாள். அச்சாகப் பொருந்தியது.

தயாபரன் திரும்பிப் பார்த்தான். டயல் பூச்சியத்தில் நின்றது.

அவள் சீமெந்து நிலத்தில் பொல்லை மெல்ல ஒருமுறை தட்டினாள்.

"இனி நீர் கொண்டுபோம்."