காவல்வீரன் தொப்பி

தணிகைவேல் கடப்பாரையை ஓங்கியபோது குயவன் சம்மந்தம் பாய்ந்துபோய் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

பிரெஞ்சுக் கொடி இறங்கிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. பாகூர் ஏரிக்கரை ஐயனாருக்குக் காவல் நிற்கும் மண்வீரன் மட்டும் இன்னும் பிரெஞ்சுச் சிப்பாயின் உருளைத் தொப்பியோடு நின்றான்.

எந்த உடுப்பைக் கண்டால் ஊர் நடுங்குமோ, அந்த உடுப்பைக் காவல்வீரனுக்குப் போடுவது அங்கே வழக்கம். பழைய வீரன்களுக்கு முண்டாசு. போன வருஷம் சம்மந்தம் சுட்டு நிறுத்திய இவனுக்குச் சிப்பாய்த் தொப்பி. முகம் எல்லா வீரனுக்கும் உள்ள முகம்தான். உருண்ட கண், கோரப்பல், முறுக்கு மீசை.

“நாடே மாறிப்போச்சி. இவனுக்கு மட்டும் இன்னாத்துக்குய்யா வெள்ளக்காரன் தொப்பி?”

“தொப்பி மேலயே மண்ண அப்பி முண்டாசாக்கிடறேம்பா. நாளைக்கே முடிச்சிடறேன்.”

“உள்ள பிரெஞ்சுக்காரன், வெளிய நம்மாளா? உன்னிய மாதிரி!”

கூட்டம் சிரித்தது. மகனைப் பிரெஞ்சுப் பட்டாளத்துக்கு அனுப்பியவன் வேறெப்படிப் பேசுவான் என்றார் ஒருவர்.

சம்மந்தம் அதைக் காதில் வாங்கவில்லை. அவன் பார்வை முன்னால் நின்ற மனைவி தையலம்மாள் மேல் இருந்தது. எப்படியாவது அவளை அங்கிருந்து அனுப்பிவிட வேண்டும்.

மகன் சிங்காரவேலு சைகோன் பக்கம் சண்டையில் செத்து ஒன்றரை வருஷம். காகிதம் வந்த அன்று அவள் ஜுரத்தில் கிடந்தாள். தேறியதும் சொல்லலாம் என்றிருந்தான். அவள் தேறினாள். அவனால்தான் முடியவில்லை.

அதன்பிறகு மாதம் ஒரு தடவை பழைய கடிதம் ஒன்றை எடுத்து, புதிதாக வந்ததுபோல் படித்துக் காட்டினான். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

போட்டோவில் மகன் போட்டிருந்த அதே தொப்பி என்பதால் அவள் வெள்ளிக்கிழமை தவறாமல் இந்த வீரனுக்கு விளக்கேற்றினாள். எம்புள்ளையக் கொண்டாந்து சேத்துடு சாமி என்று காலில் விழுந்தாள். அப்போதெல்லாம் சம்மந்தம் ஏரித் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பான்.

“வூட்டுக்குப் போ தையலு. அடுப்புல ஒல கொதிக்குது.”

“கொதிக்கட்டும். நீ கைய எடு. இவன் தொப்பி எறங்கினாத்தான் எம்புள்ள தொப்பியும் எறங்கும். கப்பல்ல ஏத்தி ஊருக்கு அனுப்பிடுவாங்களாம் எல்லாரையும்.”

அவளே வந்து கடப்பாரையிலிருந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

“குத்தாதீங்கடா. நானே எடுக்கறேன்” என்றான் சம்மந்தம்.

தொப்பியைத் தனியாகச் சுட்டுச் சுண்ணாம்பு வைத்து ஒட்டியிருந்தான். உளியால் மெல்லத் தட்டினான். சுண்ணாம்பு பொடிப்பொடியாக உதிர்ந்தது. இப்படியே பொழுது சாய்ந்துவிட்டால் எல்லோரும் வீடு திரும்பிவிடுவார்கள் என்று நினைத்தான்.

தணிகைவேலுக்குப் பொறுமை போயிற்று. கடப்பாரை முனையை விளிம்பில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினான்.

தொப்பி விழுந்து இரண்டாக உடைந்தது.

தொப்பிக்கு அடியில் எந்தக் குயவனும் மொட்டை மண்டையோடு விட்டுவிடுவான். யார் பார்க்கப் போகிறார்கள்?

இங்கே முடி இருந்தது. ஒட்ட வெட்டிய கிராப்பு, ஈர்க்குச்சியால் இழை இழையாகக் கீறியது. உச்சியில் இரட்டைச் சுழி. வலது காதுக்கு மேலே, சின்ன வயதில் மாடு முட்டித் தையல் போட்ட தழும்பு. அந்த இடத்தில் மட்டும் முடியில்லை.

ஜே போட வாயெடுத்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

உயிரோடு இருப்பவர் சாயலில் மண் பிடிக்கக் கூடாது. குயவர் வீட்டுக் குழந்தைக்கும் தெரிந்த கட்டுப்பாடு அது. தையலம்மாள் இருபத்தைந்து வருஷமாகக் குயவன் பெண்டாட்டி.

அவள் கையை உயர்த்தி அந்தத் தழும்பைத் தொட்டாள். புருஷனைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

“எப்பய்யா?”