வலிக்குச் சிரிப்பவர்

முப்பது வருஷம் ஜவுளிக்கடையில் நின்றபடி புடவை விரித்ததில் ஆவுடையப்பனுக்கு முதுகு போனது. சிரித்த முகம் மட்டும் போகவில்லை. காலையில் போடும் மாத்திரை நாள் முழுக்கத் தாங்கும். அதையும் மீறி நடுவில் வலி குத்தினால், வீட்டிலிருக்கும் பேசும் மருந்துப்பெட்டி முகத்தில் வலி தெரிகிறதா என்று பார்த்துத்தான் சின்ன மாத்திரை தரும்.

“வலி தெரியவில்லை,” என்றது பெட்டி.

வேர்த்து வழிய, அவர் சிரித்துக்கொண்டே நின்றார்.

“அழுதுதான் தொலைங்களேன்!” என்றாள் மனைவி கோமதி.

“எதிர்ல யார் நின்னாலும் சிரிப்புதான்டி வருது.”

கோமதி பெட்டியிடம் திரும்பினாள். “இந்தா பாரு, இவர் பல்லெல்லாம் தெரியச் சிரிச்சா உயிர் போற வலின்னு அர்த்தம்.”

மாத்திரை வந்தது.

மறுநாள் கோமதி, “என் முகத்துல என்ன தெரியுது?” என்று பெட்டியைக் கேட்டாள்.

“கோபம்.”

ஆவுடையப்பன் விழுந்து விழுந்து சிரித்தார். உடனே ஒரு மாத்திரை எட்டிப் பார்த்தது.

“உள்ளே வை தம்பி,” என்றார். “இப்ப வலிக்கல.”