நீலம் ஏறாத செடி

ஆய்வகத்தில் நான் வளர்க்கும் செடியின் செல் சவ்வுகளில் வளர்ச்சி ஹார்மோனைக் கடத்தும் புரதம் இல்லை. அதனால் தண்டுக்குள் நீர்க்குழாய்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. வேரைக் குப்பியில் நீலச் சாயத்தில் வைத்தும் நீலம் இலைக்கு ஏறவில்லை. ஆனாலும் குப்பியில் சாயம் தினமும் குறைந்தது.

"குப்பி ஒழுகுது, மாத்தும்மா," என்றார் பேராசிரியர். நானும் எத்தனை தடவைதான் மாற்றுவது?

இன்று காலை, குப்பி இருந்த மர மேஜையின் இழுப்பறை திறக்கவில்லை. பலகைகளுக்கு நடுவே இடுக்கே தெரியவில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நீல ரேகைகள் ஓடின. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கிளம்ப எழுந்தேன்.

பேராசிரியர் வெளியிலிருந்து கதவைத் தட்டினார். "ஏம்மா உள்ள தாழ் போட்டிருக்க?"

"போடலை சார்."

மரக்கதவுக்கும் நிலைக்கும் நடுவே இடுக்கைத் தடவித் தேடினேன். நகம்கூட நுழையவில்லை. ஒரு நீலக் கோடு, எங்கும் அறுபடாமல், நிலையிலிருந்து கதவுக்குக் குறுக்கே போயிருந்தது.